சரக்குப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் முறை

முன்காலத்தில் துணி வாங்குகிறவர் கடைக்கு வந்து, துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார். இன்றோ அவர் ஈப்போவிலோ ஜொகூரிலோ வீட்டில் இருந்தபடி, கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடுகிறார். ஆகவே வாசல் வெளிச்சத்தின் வேலையை நாம் அனுப்பும் படம் செய்யவேண்டியிருக்கிறது. நம் வர்த்தகச் சகோதரர்களில் பலர் படத்தை எடுத்தபடியே அனுப்புகின்றனர். வேறு சிலர் கண்ணைப் பறிக்கும்படி வண்ணத்தை ஏற்றி அனுப்புகின்றனர். இரண்டு வகையிலும் சரக்குத் திரும்பி வருகிறது. அஞ்சற்செலவு நம் தலையில் விழுவதோடு வாடிக்கையும் கைநழுவிப் போகிறது.

உதாரணத்திற்குக் கைலியை எடுத்துக்கொள்வோம். பழவேற்காட்டின் பெயரைத் தாங்கி, மலாய்க்காரர்களிடையே காயின் பெலேக்காட் என வழங்கும் கட்டம் போட்ட கைலியைப் படம் பிடிப்பது லேசான காரியமல்ல. கடைக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் வெள்ளைக் கட்டம் பழுப்பாகவும், கருநீலம் கறுப்பாகவும் விழுந்துவிடும். நமது கண் அந்த வெளிச்சத்திற்குப் பழகி, வெள்ளையை வெள்ளையாகவே காண்கிறது. கருவிக்கு அந்தச் சாமர்த்தியம் முழுவதும் வாய்ப்பதில்லை.

படம் என்பது பல லட்சம் புள்ளிகள் சேர்ந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. சாதாரணப் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லும். வெள்ளைத் தாளுக்கு மூன்றும் ஏறக்குறையச் சமமாக நிற்கவேண்டும். மஞ்சள் விளக்கில் நீல எண் தாழ்ந்துபோகிறது. நோய் இதுதான் என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் எளிது.

கைலியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுக்கவேண்டும். ஸ்நாப்சீட் என்னும் இலவசச் செயலியில் ஒயிட் பேலன்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அதில் மைசொட்டும் குழாய் போன்ற குறியைத் தொட்டுத் தாளின்மேல் வைத்தால் மூன்று எண்களும் சமப்படும். தாளோடு கைலியின் நிறமும் தன் நிலைக்கு வரும். பிறகு தாளை வெட்டி நீக்கிவிடலாம். ஆனால் தாள் வெளிச்சத்தில் முற்றாக வெளுத்து 255-ஐத் தொட்டுவிட்டால் அதில் நிறச் செய்தி எதுவும் மிஞ்சாது. இந்த வைத்தியம் பலிக்காது. ஒருபுறம் சன்னல் வெளிச்சமும் மறுபுறம் மஞ்சள் விளக்கும் விழுந்தாலும் அப்படித்தான். ஒருபக்கம் சரியானால் மறுபக்கம் கெடும். விளக்கை அணைத்துவிட்டு எடுப்பதே புத்தி.

நிறம் சரியான பின் சாச்சுரேஷனில் கைவைக்க அவசியமே இராது. அதை ஏற்றினால் இலைப்பச்சை கிளிப்பச்சையாகிவிடும். வாங்கியவர் பிரித்துப் பார்த்ததும் ஏமாந்ததாகவே நினைப்பார். புள்ளிகளை அழிக்கும் கருவியும் அவ்விதமே. மேசையில் கிடக்கும் நூல்தூசியை அழிக்கலாம். துணியில் உள்ள கறையையோ, இழை அறுந்த இடத்தையோ அழித்துக் காட்டுவது ஹலாலான வியாபாரத்தில் சேராது.

கட்டத்துணிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நெருக்கமான கட்டங்கள், படம் சிறிதாகும்போது துணியில் இல்லாத அலைகளைக் காட்டும். இதைக் கண்டு சிலர் ஷார்ப்பனிங்கைக் கூட்டுகிறார்கள். அலை இன்னும் தூக்கலாகத் தெரியும். சற்றே கிட்டே சென்றோ, தள்ளி நின்றோ மறுபடியும் எடுப்பதுதான் நல்லது. கட்டக் கோடுகள் சாய்ந்திருந்தால் முதலில் நேராக்கிக்கொண்டு பிறகே வெட்டவேண்டும்.

வெட்டுவதிலும் கணக்கு இருக்கிறது. 4000க்கு 3000 புள்ளியுள்ள படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளியில் மிஞ்சுவது 30 லட்சமே. கைத்தொலைபேசியில் பார்க்க அது தாராளம். அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளி என்று கொண்டால், 1200 புள்ளி அகலமுள்ள படம் 4 அங்குலத்திற்கு மட்டுமே தாங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப் போவதால், அச்சகத்துக்கு டாக்குமெண்டாகவே அனுப்பவேண்டும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் தெளிவு சிறிது குறையும். அசல் படத்தைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே திருத்தத்தைத் தொடங்குவது நலம்.