அனைவருக்கும் உரியதா மீட்பு?
(கிறித்தவ இறையியலில் ஒரு நெடுவிவாதம்)

முன்னுரை

தமிழிலக்கிய வரலாறு பயிலும் மாணவர் எவரும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை அறிவர். 1894ஆம் ஆண்டு வெளிவந்த அக்காப்பியம், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவி எழுந்ததாகும். இரட்சணியம் என்னும் சொல்லுக்கு ‘மீட்பு’ என்று பொருள் எழுதிவிட்டு நாம் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறோம். ஆயின், அம்மீட்பு யாருக்கு என்னும் வினா கிறித்தவ உலகைப் பல நூற்றாண்டுகள் உலுக்கியது. பனியனே அவ்வினாவால் நைந்தவர். தாம் இறைவனால் தெரிந்தெடுக்கப்பட்டவர்தாமா, தமக்குரிய அருளின் காலம் கடந்து போயிற்றோ என்று அல்லும் பகலும் அலைக்கழிந்ததை அவர் 1666இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

ஒரு காப்பியத்தின் பின்புலத்தை அறிய விழைவோர் அதன் சமயப் பின்புலத்தையும் அறிதல் வேண்டும். அந்நோக்கில், இவ்விவாதத்தின் வரலாற்றையும் இரு தரப்பாரின் வாதங்களையும் நடுநிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

வினாவை வகுத்துக்கொள்ளல்

மீட்பு அனைவருக்கும் உரியதா என்னும் ஒரே தொடருக்குள் மூன்று வினாக்கள் மறைந்துள்ளன. மனிதர் அனைவரும் இறுதியில் மீட்படைவரா என்பது ஒன்று. மீட்பின் செய்தியை அனைவருக்கும் அறிவித்து, அனைவரையும் அழைக்கலாமா என்பது மற்றொன்று. இயேசு கிறிஸ்துவின் மரணம் அனைவரையும் கருதி நேர்ந்ததா, தெரிந்தெடுக்கப்பட்ட சிலரை மட்டும் கருதி நேர்ந்ததா என்பது மூன்றாவது.

முதல் வினாவுக்கு ‘ஆம்’ என்று விடையளித்தோர் எக்காலத்தும் சிலரே. நாம் காணவிருக்கும் விவாதத்தில் இரு தரப்பாருமே ‘அனைவரும் மீட்படைவர்’ என்று கூறவில்லை. அவர்களுடைய பிணக்கு மூன்றாம் வினாவில் தொடங்கி இரண்டாம் வினாவில் வந்து முட்டியது. இவ்வேறுபாட்டை மறப்போர் இரு தரப்பார்க்கும் நீதி செய்ய இயலாது.

விவாதத்தின் வேர்

வேர் விவிலியத்திலேயே உள்ளது. மனிதர் யாவரும் மீட்படைய வேண்டுமென்பதே இறைவனின் விருப்பம் என்னும் கருத்து, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலில் காணப்படுகிறது. கிறிஸ்து உலகம் முழுவதன் பாவங்களுக்காகவும் பரிகாரமானார் என்பது யோவானின் முதல் மடல் தரும் கருத்து. மறுபுறம், எபேசியர் மடல் உலகத் தோற்றத்திற்கு முன்பே நிகழ்ந்த தெரிந்தெடுப்பைப் பேசுகிறது. உரோமையர் மடலின் ஒன்பதாம் அதிகாரம், களிமண்ணைத் தன் விருப்பப்படி வனையும் குயவனுக்கு இறைவனை ஒப்பிடுகிறது. இவ்விரு வகைப் பகுதிகளுள் எதை முதன்மையாகக் கொண்டு எதனை விளக்குவது என்பதே சிக்கல்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியஸ் என்னும் துறவி மனித முயற்சியின் ஆற்றலை வலியுறுத்தினார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயரான அகஸ்டின் (354–430) அதனை மறுத்தார். மனிதன் தன் வலிமையால் இறைவனை நோக்கி எழ இயலாது. அருளே அவனை எழுப்புகிறது. அவ்வருள் இறைவன் தெரிந்துகொண்டவர்க்கே அளிக்கப்படுகிறது என்பது அவர் கொள்கை. 418இல் கூடிய கார்த்தேஜ் மன்றம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்டு என்பார் ஒரு சமரச வாய்பாட்டைத் தந்தார். கிறிஸ்துவின் மரணம் அனைவருக்கும் போதுமானது. தெரிந்தெடுக்கப்பட்டவரிடத்தே பயன் விளைப்பது என்பது அதன் சாரம். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாய்பாடு இரு சாராரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. நெதர்லாந்தில் அக்கூரை பிளந்தது.

அர்மீனியஸ்

யாக்கோபஸ் அர்மீனியஸ் 1560ஆம் ஆண்டளவில் ஊடவாட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1575இல் ஸ்பானியப் படை அவ்வூரை அழித்தபோது அவருடைய தாயும் உடன்பிறந்தாரும் கொல்லப்பட்டனர். ஆதரவற்ற அவ்விளைஞர் லைடன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஜெனீவாவிலும் பயின்றார். ஜெனீவாவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், கால்வினின் வழித்தோன்றலான தியோடர் பேசா. இறைவன் சிலரை மீட்புக்கும் சிலரை அழிவுக்கும் முன்குறித்தான் என்னும் கோட்பாட்டை மிகக் கூர்மையாக வகுத்தவர் அவரே.

அர்மீனியஸ் 1588இல் ஆம்ஸ்டர்டாமில் போதகரானார். நூற்றாண்டின் திருப்பத்தில் அந்நகரில் கொள்ளைநோய் பரவியபோது நோயுற்றோர் இல்லங்களுக்கு அவர் அஞ்சாது சென்றார். இறக்கும் நிலையிலுள்ள ஒருவர், ‘எனக்கு இடமுண்டா?’ என்று கேட்பின் போதகர் என்ன விடை கூறுவார்? ‘நீர் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தால் உண்டு’ என்று கூறி எழுந்துவர இயலுமா? இத்தகைய வினாக்கள் அவர் இறையியலுக்குப் புறம்பானவை அல்ல என்று கருதலாம்.

1603இல் அவர் லைடனில் பேராசிரியரானார். அங்கே முன்னரே பேராசிரியராக இருந்த பிரான்சிஸ்கஸ் கொமாரஸ் அவருடைய கருத்துகளைக் கடுமையாக எதிர்த்தார். 1604 முதல் இருவரும் எதிரெதிராக ஆய்வுரைகள் வெளியிட்டனர். 1608இல் இருவரும் ஹேக் நகர உயர்மன்றத்தின் முன் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அக்டோபரில் அர்மீனியஸ் காலமானார், விவாதமோ வளர்ந்தது.

முறையீட்டின் ஐந்து கூறுகள்

1610இல் அர்மீனியஸின் கருத்துடையோர் நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடி, ஹாலந்து அரசவைக்கு ஒரு முறையீட்டை அளித்தனர். அதனால் அவர்கள் ‘முறையீட்டாளர்’ எனப்பட்டனர். அதன் ஐந்து கூறுகளைச் சுருக்கமாகக் காண்போம்.

1. கிறிஸ்துவில் நம்பிக்கை கொண்டு அதில் நிலைப்போரை மீட்பது என்பதே இறைவனின் நித்தியத் தீர்மானம்.
2. கிறிஸ்து எல்லார்க்காகவும், ஒவ்வொருவர்க்காகவும் மரித்தார். எனினும் நம்புவோரே அதன் பயனைப் பெறுவர்.
3. மனிதன் தன் சுயவலிமையால் நம்பிக்கை கொள்ள இயலாது, அருள் வேண்டும்.
4. நன்மை அனைத்தும் அருளாலேயே விளையும். எனினும் அவ்வருள் மறுக்க இயலாதது அன்று.
5. நம்பினோர் வெல்வதற்குரிய ஆற்றலைப் பெறுவர். அவர்கள் வழுவிப்போகக் கூடுமா என்பது மேலும் ஆராயப்பட வேண்டும்.

இங்கு மூன்றாம் கூறு கவனிக்கத்தக்கது. முறையீட்டாளர் பெலாஜியஸின் வழியினர் என்னும் குற்றச்சாட்டு அடிக்கடி எழுந்தது. ஆயின் அருளின்றி எதுவும் ஆகாது என்பதில் அவர்களும் உறுதியாகவே இருந்தனர். ஐந்தாம் கூறோ, தமக்குத் தெளிவுபடாததைத் தெளிவுபடாதது என்றே எழுதிவைத்த நேர்மைக்குச் சான்றாகும். 1611இல் எதிர்த் தரப்பார் தம் மறுப்பை அளித்தனர்.

டோர்ட் மன்றம்

இதற்குள் சமய விவாதம் அரசியலோடு பிணைந்துவிட்டது. ஹாலந்தின் தலைமை அரசியலாளர் யோஹன் ஃபான் ஓல்டன்பார்னவெல்ட் முறையீட்டாளரைக் காத்தார். படைத்தலைவரான நசாவு இளவரசர் மாரிஸ் எதிர்த் தரப்பைச் சார்ந்தார். 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட்டும், சட்டமேதை ஹியூகோ குரோஷியஸும் சிறைப்படுத்தப்பட்டனர்.

அவ்வாண்டு நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில் திருச்சபை மன்றம் கூடியது. இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மானிய நாடுகள் ஆகியவற்றிலிருந்தும் பேராளர்கள் வந்தனர். பிரெஞ்சுப் பேராளர்களை அவர்தம் மன்னர் தடுத்துவிட்டார். சீமோன் எபிஸ்கோப்பியஸ் தலைமையில் வந்த முறையீட்டாளர் உறுப்பினராக அன்றி, விசாரணைக்குரியோராகவே அழைக்கப்பட்டனர். 1619 ஜனவரியில் மன்றத் தலைவர் போகர்மன் அவர்களை வெளியேற்றினார். அவர்கள் இல்லாத அவையில், அவர்தம் நூல்களைக் கொண்டே தீர்ப்பு வரையப்பட்டது.

தீர்ப்பு அவர்களுக்கு எதிரானது. கிறிஸ்துவின் மரணம் பயன்தருமாறு கருதப்பட்டது தெரிந்தெடுக்கப்பட்டவருக்கே என்று மன்றம் வரையறுத்தது. எனினும், அம்மரணத்தின் மதிப்பு எல்லையற்றது, உலகம் முழுவதற்கும் போதுமானது என்பதையும் அது ஏற்றது. நற்செய்தியை வேறுபாடின்றி எல்லார்க்கும் அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. டோர்ட் மன்றம் மீட்பின் அழைப்பையே சிலர்க்கெனச் சுருக்கிவிட்டது என்று கூறுவது பிழையாகும். ஆங்கிலப் பேராளருள் ஒருவரான ஜான் டாவனன்ட், கிறிஸ்துவின் மரணத்துக்கு அனைவரையும் தழுவிய நோக்கமும் உண்டு என்று மன்றத்துக்குள்ளேயே வாதிட்டார்.

மன்றம் முடிவுக்கு வந்த 1619 மே மாதத்தில், எழுபத்தொரு வயதான ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். ஏறத்தாழ இருநூறு போதகர்கள் பதவி இழந்தனர். வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்ற குரோஷியஸ், 1621இல் தம் மனைவியின் சூழ்ச்சித்திறத்தால் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். 1625இல் மாரிஸ் இறந்தபின் கெடுபிடி தளர்ந்தது. 1634இல் முறையீட்டாளர் ஆம்ஸ்டர்டாமில் தம் இறையியற் கல்லூரியை நிறுவினர். அச்சிறு சபை இன்றும் நெதர்லாந்தில் நிலைத்துள்ளது.

இரு தரப்பின் வலிமை

முறையீட்டாளரின் வாதத்தை நாம் ஓர் உவமையால் விளக்கலாம். ஊர் முழுவதும் வீடுவீடாகச் சென்று விருந்துக்கு அழைத்துவிட்டு, பந்தலில் சிலர்க்கு மட்டுமே இலை போட்டிருந்தால் அவ்வழைப்பு மெய்யானதாகுமா? அழைக்கப்பட்டவர் வராவிடின் குற்றம் அவருடையது. வந்தாலும் இலை இல்லையெனில் குற்றம் அழைத்தவருடையதன்றோ? இறைவனின் நேர்மையைக் காப்பதே அவர்தம் நோக்கம்.

எதிர்த் தரப்பின் வாதமும் எளிதன்று. கிணற்றில் விழுந்து நினைவிழந்து கிடப்பவனுக்குக் கயிற்றை வீசிப் பயன் என்ன? ஒருவர் இறங்கித் தூக்கினாலன்றி அவன் பிழையான். கயிற்றைப் பற்றியதால் பிழைத்தான் எனின், பற்றாதவனைவிட அவன் சிறந்தவன் ஆகிவிடுவான், அருள் கூலியாகிவிடும். இறைவனின் அருள் முழுமையாக அருளாகவே நிற்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

இதற்கு அர்மீனியஸ் முன்னரே விடை கண்டிருந்தார். செல்வர் இடும் பிச்சையை இரவலன் கைநீட்டிப் பெறுகிறான். கைநீட்டியதால் அது கொடை அன்று என்றாகிவிடுமா என்று அவர் வினவினார். எதிர்த் தரப்பார் விடவில்லை. அக்கையை நீட்டும் விருப்பத்தைத் தந்தவர் யார் என்று கேட்டனர். ஒரு தரப்பு இறைவனின் நீதியையும் மற்றொரு தரப்பு அவனது அருளையும் காக்க முனைந்தன.

பின்னை வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. ஆக்ஸ்போர்டு நண்பர்களான ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்பீல்டும் திறந்தவெளிகளில் பெருங்கூட்டங்களுக்கு உரையாற்றியவர்கள். 1739இல் வெஸ்லி முன்குறிப்புக் கோட்பாட்டைத் தாக்கிப் பேசி அச்சிட்டார். 1741இல் விட்பீல்டின் மறுப்பு வெளிவந்தது. நட்பு முறிந்தது, பின்னர் ஒருவாறு ஒட்டியது. வியப்பு யாதெனில், விட்பீல்டும் கேட்போர் அனைவரையும் மனமுருக அழைத்தவரே. தெரிந்தெடுக்கப்பட்டவர் யாரென மனிதர் அறியார். ஆதலின் யாவரையும் அழைப்பதே கடமை என்பது அவர் கொள்கை. 1770இல் விட்பீல்ட் இறந்தபோது, அவர் முன்னரே விரும்பியவாறு, நினைவுரையாற்றியவர் வெஸ்லி.

ஆயின் அதே தரப்பில் வேறு சிலர், நம்பிக்கையற்றோரை அழைப்பதே தகாது என்னும் அளவுக்குச் சென்றனர். அத்தகைய சூழலில் வளர்ந்த ஆண்ட்ரூ ஃபுல்லர் என்னும் பாப்திஸ்து போதகர், 1785இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். நற்செய்தியைக் கேட்கும் ஒவ்வொருவர்க்கும் நம்பும் கடமை உண்டு. ஆதலின் அழைப்பும் ஒவ்வொருவர்க்கும் உரியது என்று அவர் நிறுவினார். 1792இல் ஃபுல்லர், வில்லியம் கேரி முதலானோர் ஓர் அருட்பணிச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். மறு ஆண்டு கேரி வங்காளம் வந்தார். இந்திய மொழிகள் பலவற்றின் அச்சு வரலாற்றில் இடம்பெற்ற சீராம்பூர் பணியின் பின்னணியில் இவ்விவாதமும் உண்டு என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒரு கவிஞரின் துயர்

இலக்கிய மாணவராகிய நாம் மறக்கலாகாத ஒருவர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் (1731–1800). அருளைப் பாடிய அவர், 1773இல் கடும் மனநோய்க்கு ஆளாகி, மீட்பு தமக்கு மட்டும் இல்லை என்னும் முடிவுக்கு வந்தார். எஞ்சிய வாழ்நாளில் அவ்வெண்ணம் அவரை விட்டு முற்றும் அகலவில்லை. கோட்பாடே அவரை நோயாளியாக்கியது என்று கூறுதல் பொருந்தாது. நோய் அதற்கு முன்னரே அவரைப் பற்றியிருந்தது. அவருடைய நண்பர் ஜான் நியூட்டனும் தெரிந்தெடுப்புக் கொள்கையினரே. அவரே கூப்பருக்கு இடையறாது நம்பிக்கை ஊட்டியவர். எனினும், நூலில் வாசிக்கும் ஒரு கோட்பாடு, துயருற்ற ஒருவரின் நெஞ்சில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று, மீட்பின் அழைப்பு அனைவருக்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்பதில் இரு தரப்பின் பெரும்பான்மையோரும் உடன்பட்டனர். அவ்வழைப்பின் பின்னுள்ள இறைநோக்கத்தின் அளவிலேயே மாறுபட்டனர். இரண்டு, எதிர்த் தரப்பாரைப் பேசவிடாது வழங்கிய தீர்ப்பு விவாதத்தை முடிக்கவில்லை. நானூறு ஆண்டுகள் கடந்தும் அது தொடர்கிறது. மூன்று, கருத்து மாறுபாடு ஓல்டன்பார்னவெல்ட்டின் கொலைக்களத்திலும் முடியலாம். விட்பீல்டுக்கு வெஸ்லி ஆற்றிய நினைவுரையிலும் முடியலாம்.

மாணவர்கள் இனி இரட்சணிய யாத்திரிகத்தைக் கையிலெடுக்கும்போது, பயணி வந்து தட்டும் வாயிலின் முன் சற்று நிற்பார்களாக. தமக்கு அருள் உண்டோ இல்லையோ என்று ஏங்கிய பனியன், தட்டுவோர்க்குத் திறக்கப்படும் வாயிலாகவே அதனைப் படைத்தார். அவர் உள்ளம் பட்ட பாட்டை அறிந்து படிப்போர்க்கு அப்பகுதி முன்னினும் ஆழமாக விளங்கும் என்பது நம் துணிபு.