முகப்பருவும் முயலின் கண்ணும்

ரயில் இன்ஜின் பழுது பார்த்தவனுக்கு முகப்பருவைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டிப்ளமா முடித்து 1983-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். பெரும்பாலான காலம் டீசல் ஷெட்டில். என் பேத்திக்கு வந்த தொல்லையைப் புரிந்துகொள்ள அந்த ஷெட்டில் பார்த்தது எப்படியோ கைகொடுத்தது. ஆகவே துணிந்து எழுதுகிறேன். வைத்தியம் சொல்வதற்காக அல்ல, நாங்கள் குடும்பமாகப் படித்த பாடத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக.

நாங்கள் இருப்பது காக்கநாட்டில், மகள் வீட்டில். மாப்பிள்ளைக்கு இன்ஃபோபார்க்கில் வேலை. பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். நம் சங்கத்துப் பொங்கல் விழாக்களில் சிறு வயது முதல் ஆடிக்கொண்டிருந்தவள், ஒரு வருடம் "தாத்தா, நான் வரல. என் மூஞ்சியை யாரும் பாக்க வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் பரு. "வயசுல வர்றதுதான், தானாப் போயிடும்" என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படிச் சொன்னதே தவறு என்று இப்போது தெரிகிறது.

என் மனைவி தன் அம்மா காலத்துக் கைவைத்தியத்தில் இறங்கினாள். மஞ்சள்பொடியில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து குழைத்துப் பூசி, காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் உட்கார வைத்தாள். நானும் தடுக்கவில்லை. இரண்டு நாளில் கன்னம் எரிந்து சிவந்தது. பிறகு அந்த இடம் கறுத்தது. அந்தக் கறுப்பு மறைய மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. எலுமிச்சை வகைச் சாற்றில் உள்ள சில பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போலவே ஆகிவிடும் என்பது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாம். நமக்குத்தான் தெரியவில்லை. அந்தச் சாற்றின் பி.எச். அளவு இரண்டை ஒட்டியது. நம் தோல் ஏறக்குறைய ஐந்து. பாட்டரித் தண்ணீரைக் கையாண்ட எனக்காவது அன்று உறைத்திருக்க வேண்டும்!

இத்தனைக்குப் பிறகும் பேத்தி ஒரு நிபந்தனை போட்டாள். முகத்தில் போடுவது இயற்கையானதாக இருக்க வேண்டும், எந்தப் பிராணியையும் துன்புறுத்தாமல் செய்ததாக இருக்க வேண்டும். பள்ளியில் யாரோ முயல்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "சரி அம்மா, விசாரிப்போம்" என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

முதலில் பரு எப்படி வருகிறது என்று பார்ப்போம். தோலில் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் அருகே ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பூப்பு வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது அதிகம் சுரக்கிறது. உதிரும் தோல் செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து குழாயின் வாயை அடைக்கின்றன. உள்ளே வழக்கமாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது, வீக்கம் வருகிறது. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கல்ல. அடைப்பின் நுனி காற்றுப் பட்டுக் கறுக்கிறது, அவ்வளவே. ஆகவே தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்ற எண்ணம் வீண்.

இங்கேதான் எனக்கு ஷெட் ஞாபகம் வந்தது. ஃபிட்டர்களில் சிலருக்கு முன்கையிலும் தொடையிலும் கொத்துக்கொத்தாகப் பரு வரும். முகம் சுத்தமாக இருக்கும். எண்ணெய் ஊறிய உடுப்பு எங்கே தோலோடு உரசுகிறதோ அங்கேதான் வரும். இன்ஜின் ஆயிலும் கிரீஸும் மயிர்க்காலை அடைத்துவிடுகின்றன. உடுப்பைத் துவைத்து மாற்றிக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. இதை மனதில் வைத்துப் பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்தில்தான் சின்னச்சின்னப் பருக்கள் வரிசையாக இருந்தன. காரணம், தினமும் இரவு பாட்டி தலை நிறைய வைத்துவிடும் தேங்காய் எண்ணெய்! கொச்சிப் புழுக்கத்தில் அது வழிந்து நெற்றியில் இறங்குகிறது, தலையணை உறையிலும் ஊறுகிறது. சுத்தமான செக்கு எண்ணெய், நூற்றுக்கு நூறு இயற்கை, ஒரு பிராணிக்கும் தீங்கில்லை. ஆனால் மயிர்க்காலுக்கு அது இயற்கையா செயற்கையா என்பது கணக்கில்லை, அடைக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. எண்ணெயைக் குளிக்கும் முன் அரை மணி நேரம் மட்டும் என்று மாற்றினோம். தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினோம். காசு செலவில்லாத இந்த ஒரு காரியத்திலேயே நெற்றி பாதி தெளிந்தது. மற்ற இடங்கள் அசையவில்லை.

அடுத்தது சோப்பு. ரயில்வேக்காரன் என்ற பெருமையில் ஒரு செய்தி சொல்கிறேன். பச்சைநிற மெடிமிக்ஸ் சோப்பை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதை 1969-ல் உருவாக்கிய டாக்டர் வி.பி. சித்தன் ஒரு ரயில்வே மருத்துவர், சென்னை பெரம்பூரில் பணியாற்றியவர், கேரளத்துச் சோலையில் வைத்தியக் குடும்பத்தவர். தோல் வியாதியோடு வந்த ரயில்வே தொழிலாளர்களுக்காகக் குடும்பத்து மூலிகை எண்ணெயைக் கொடுத்துப் பார்த்து, பிறகு அதையே சோப்பாக வீட்டுச் சமையலறையில் காய்ச்சினார் என்பது வரலாறு. அதற்கும் முன்னால் 1940-ல் இரிஞ்ஞாலக்குடாவில் கேசவன் வைத்தியர் சந்திரிகா சோப்பைத் தொடங்கினார். இன்று கடையில் "நேச்சுரல்" என்று புதுப்பெயரோடு விற்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன். இதனால் பரு போகும் என்று நான் சாட்சி சொல்லவில்லை.

ஏனென்றால் மூலிகை எதுவானாலும் சோப்பு சோப்புதான். எண்ணெயும் காரமும் சேர்ந்து வருவது, பி.எச். ஒன்பது பத்து இருக்கும். அடிக்கடி போட்டால் தோல் வறண்டு எரியும். உறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள், தயவுசெய்து பாருங்கள். மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பது அது. இந்தியத் தர நிர்ணயப்படி 76-க்குக் குறையாதது முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். "பேதிங் பார்" என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும், அது சோப்புக் கணக்கில் சேராது. இயற்கை என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்த எண்ணைப் பொடி எழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. முகத்துக்குக் காரமில்லாத கழுவி நல்லது என்பதால் நாங்கள் பயத்தமாவுக்கு வந்தோம். இங்கே செறுபயறு பொடி என்பார்கள். மில்லில் அரைத்ததை மல்துணியில் சலித்து, தேய்க்காமல் குழைத்துத் தடவிக் கழுவ வேண்டும். சலிக்காத மாவு உப்புத்தாள் மாதிரி, பருவைக் கீறிவிடும்.

கஸ்தூரி மஞ்சள் வாங்க வைட்டிலா வழியாகப் பஸ் மாறி மட்டாஞ்சேரி போனேன். வாசனைச் சரக்குக்கு அந்தத் தெருக்களை விட்டால் வேறிடம் ஏது? ஒரு அங்காடி மருந்துக் கடையில் பளிச்சென்ற மஞ்சள் நிறத் துண்டுகளைக் காட்டினார்கள். அடுத்த கடையில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அது மஞ்சக்கூவை. கேரளத்தில் பல கடைகளில் கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் விற்பது அதுதான். அசல் கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிறிய நிறமாக இருக்கும், கற்பூரம் கலந்த மணம் வரும், பூசினால் முகத்தில் மஞ்சள் ஒட்டாது. என்னைப் போல நிறத்தைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். இதற்கு ஒரு பஸ் பயணம் தேவைப்பட்டது.

ஏமாந்தால் மஞ்சக்கூவையோடு போகும் என்று இருந்துவிடக் கூடாது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு குறிப்பிட்ட ரகம். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். காரணம் கிரீமில் இருந்த பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று கடைகளைச் சோதனையிட இறங்கியதும் இம்மாதிரிச் சரக்குகளைப் பிடிக்கத்தான். பாதரசமும் பூமியிலிருந்து வருவதுதான், அதுவும் இயற்கைதானே! தயாரிப்பவர் முகவரி, உரிமம் எண், சேர்மானப் பட்டியல் இல்லாத டப்பாவை, எந்த மூலிகைப் பெயர் போட்டிருந்தாலும், வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தாலும், வீட்டுக்குள் விடாதீர்கள்.

இனி பேத்தியின் முயல்கள். 1944-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறையில் வேலை பார்த்த ஜான் டிரெய்ஸ் என்பவர் ஒரு சோதனையை வகுத்தார். பொருளை முயலின் கண்ணில் விட்டு, எத்தனை நாளில் எவ்வளவு புண்ணாகிறது என்று மார்க் போடுவது. மழித்த தோலிலும் அப்படியே. ஷாம்பு, மை, கிரீம் எல்லாம் பல்லாண்டு இப்படித்தான் தேறி வந்தன. 1980-ல் ஹென்றி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குவீர்கள் என்று ஒரு பெரிய கம்பெனியைக் கேட்ட பிறகுதான் மாற்றுவழி ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. நம் நாட்டில் 2014 மே மாதம் அழகுசாதனப் பொருள்களைப் பிராணிகள்மேல் சோதிப்பது தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அப்படிச் சோதித்த பொருள்களின் இறக்குமதியும் தடையானது. தெற்காசியாவில் முதலில் செய்தது நாம்தான். ஆகவே "பிராணி வதை இல்லை" என்று கூடுதல் விலை போட்டு விற்கும் உள்நாட்டுக் கிரீமும், அப்படி எழுதாத கிரீமும் சட்டப்படி ஒரே நிலையில்தான் இருக்கின்றன. இதைக் கேட்டுப் பேத்திக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் அதற்காகச் சேர்த்த பாக்கெட் மணி போயிற்றே என்ற வருத்தம்.

சோதனை வேறு, சேர்மானம் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். தேன்மெழுகு, ஆட்டு ரோமக் கொழுப்பு, பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் எல்லாம் அந்தக் கிரீம்களில் இருக்கலாம். நம் பங்கும் உண்டு. புனுகு எங்கிருந்து வருகிறது? புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்து வழித்தெடுப்பது. கஸ்தூரிக்காக மான்களைக் கொன்றார்கள். கஸ்தூரி மஞ்சளில் கஸ்தூரி இல்லை, பெயர் மட்டும்தான் என்று சொன்ன பிறகுதான் பேத்தி அதைத் தொட்டாள்.

பிறகு பரிசோதனை. ஷெட்டில் ஒரு இன்ஜினில் ஒரே சமயத்தில் நாலு பாகத்தை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அதே விதிதான். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். ஒரு சமயத்தில் ஒரு பொருள், குறைந்தது ஆறு வாரம். தோல் புதுப்பிக்கவே ஏறக்குறைய நாலு வாரம் ஆகும் என்பதால் மூன்று நாளில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பார்ப்பது. வேப்பிலை விழுது அங்கேயே அரித்தது, தள்ளினோம். கஸ்தூரி மஞ்சளால் கெடுதலும் இல்லை, பெரிய நன்மையும் தெரியவில்லை. டீ ட்ரீ எண்ணெய் பற்றி 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடத்திய ஆய்வு உண்டு. ஐந்து சதவீத ஜெல், அதே அளவு பென்சாயில் பெராக்சைடுக்கு ஈடாகப் பருவைக் குறைத்தது, ஆனால் மெதுவாக, எரிச்சல் குறைவாக. எங்கள் வீட்டில் சிறு பருக்கள் அதில் அடங்கின. தாடையில் உள்ள ஆழமான கட்டிகள் அடங்கவில்லை. இரண்டு குழியும் விழத் தொடங்கியது.

அப்போது மகள், "போதும்ப்பா நோட்டுப் புத்தகம்" என்று எர்ணாகுளத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் நிதானமாகப் பார்த்து, ஆழமான கட்டியைத் தாமதித்தால் தழும்பு ஆயுளுக்கும் நிற்கும் என்று சொல்லி, அடாபலீன் ஜெல்லும் பென்சாயில் பெராக்சைடும் எழுதிக் கொடுத்தார். பேத்தி கேட்ட கேள்வி: "டாக்டர், இது முயல்மேல டெஸ்ட் பண்ணினதா?" அவர் மழுப்பவில்லை. "மருந்து எல்லாமே ஒரு கட்டத்தில் பிராணிகள்மேல் சோதிச்சதுதான் மோளே. 2014 தடை அழகுப் பொருளுக்கு மட்டும்" என்றார்.

சீட்டு இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. என் மனைவி மட்டும் சமையலறையில் புலம்பினாள். மூன்றாம் நாள் பேத்தி வந்து, "தாத்தா, மருந்தை வாங்கிடலாம். ஆனா கழுவறது, சன்ஸ்கிரீன், மத்ததெல்லாம் நான் சொல்றதுதான்" என்றாள். நான் ஒத்துக்கொண்டேன்.

இது நடந்து ஏழு மாதம். இரவில் பட்டாணி அளவு ஜெல், காலையில் பயத்தமாவு, வெளியே போகும்போது சன்ஸ்கிரீன். முதல் மாதம் எரிந்து உரிந்தது, பருவும் சற்றுக் கூடியது, அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாதம் முதல் இறங்குமுகம். இரண்டு குழியும் இருக்கின்றன, அவை போகா. பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, என் நல்ல நீலத் துண்டு இரண்டு பாழ். நோட்டுப் புத்தகத்தை இப்போது அவளே எழுதுகிறாள். இந்தப் பொங்கலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். மீந்த கஸ்தூரி மஞ்சள் இன்னும் ஒரு டப்பா இருக்கிறது, வேண்டுவோர் வீட்டுக்கு வந்தால் தருகிறேன். எலுமிச்சம்பழம் மட்டும் கேட்க வேண்டாம்.