ஜீப்புக்கு எந்தக் கார்புரேட்டர்?

போன கார்த்திகையில் பிள்ளைத்தாய்ச்சி அக்கா ஒருத்தரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறப்ப, மாமாவோட பழைய பெட்ரோல் ஜீப் மலை ஏற்றத்துல நின்னுபோச்சு. மறுபடி கிளம்ப அரைமணி நேரம். நல்லவேளை, குழந்தை ஆஸ்பத்திரியிலதான் பிறந்தது.

கழற்றிப் பார்த்தா, கார்புரேட்டர்ல த்ராட்டில் தண்டு போற ஓட்டை தேய்ஞ்சு, அது வழியா காற்று திருட்டுத்தனமா நுழையுது. புதுசுதான் போடணும். கடையில ரெண்டு இருந்தது. ஒண்ணு பழைய அளவு. இன்னொண்ணு பெரிய காருக்கு உள்ளது, வாய் அகலம். பெரிசே வாங்கலாம்னேன். மாமா கணக்குப் போடச் சொன்னார்.

இது 1953-ல் சி.ஜே. 3பி ஜீப்பில் வந்த ஹரிக்கேன் வகை என்ஜின். கொள்ளளவு 2.2 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அவ்வளவு காற்று இழுக்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் 1500 × 2.2 = 3300 லிட்டர். ஏற்றத்துல மெதுவா, 1000 சுற்றில் போனா வெறும் 1100 லிட்டர். நிஜத்துல இன்னும் குறையும்.

தண்ணிக்குழாய் வாயை விரலால அழுத்தினா வேகமா பீய்ச்சுமே! அதுபோல கார்புரேட்டரின் குறுகலான தொண்டையில் காற்று வேகமாகி அழுத்தம் குறையும். அப்பதான் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுப் பனிபோலச் சிதறும். தொண்டை அகலமா இருந்தா கொஞ்சக் காற்றுக்கு வேகம் வராது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாத்தான் விழும், இழுவை போயிடும்.

பழைய அளவே வாங்கினோம். போல்ட் ஓட்டையும் பொருந்திச்சு. மிதவை மட்டம் வைக்கத்தான் ஒருநாள் ஆச்சு. ஏற்றத்துல கிண்ணத்துப் பெட்ரோலும் சாயுமில்லையா? மட்டம் கூடினா வழிஞ்சு என்ஜின் திணறும், குறைஞ்சா ஜெட்டுக்கு எட்டாது. மாமா அதே வளைவுல ஜீப்பை நிறுத்தி நாலு தடவை மாத்தினார். நாலாவது தடவை என்ஜின் நிக்கவே இல்லை.