மகரந்தம் கூறும் நிலவரலாறு

கரிசல் நிலத்தில் பிறந்த நம்மில் பலருக்கு, இம்மண் என்றுமே மரம் குறைந்த மண்தானா என்ற ஐயம் எழுந்திருக்கும். கண்ணுக்கெட்டிய தொலைவு பருத்தியும் கம்பும் உளுந்தும்; ஓடைக்கரையெங்கும் சீமைக்கருவேல். குளத்தூர்ப் பகுதியில் வைப்பாறு கடலை நோக்கிச் செல்லும் சமவெளியில், ஐயாயிரம் ஆண்டுகட்கு முன் எவை வளர்ந்தன? கல்வெட்டு மன்னரைக் கூறும். மரங்களைக் கூறுவது அரிது. இவ்வினாவிற்கு விடை தேடும் துறையே மகரந்தவியல்.

அழியாத தூள்

மகரந்தத் துகள் ஒன்றின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். (1,000 மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர்.) அதன் புறவுறை ஸ்போரோபொல்லெனின் என்னும் பொருளால் ஆனது. அமிலங்களுக்கும் எளிதில் கரையாத இவ்வுறை, காற்றுப் புகாத ஈரச்சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருக்கும். உறையின் துளைகள், பள்ளங்கள், முட்கள் ஆகியவற்றைக் கொண்டு அது எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறியலாம். சிலவற்றில் பேரினத்தையும் கூறலாம். சேற்றின் அடுக்குகளில் மகரந்தத்தை எண்ணி, விகிதங்களை வரைபடமாக்கும் முறையை 1916இல் அறிவித்தவர் சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் ஆவார்.

ஆய்வு முறை

முதலில் குழாயைச் சேற்றில் செலுத்தி, அடுக்கு குலையாமல் மண்ணை எடுப்பர். அதில் சிறுசிறு இடைவெளி விட்டு மாதிரிகளைப் பிரிப்பர். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் மணலைக் கரைக்கும். பின்னது கண்ணாடியையும் அரிக்குமாதலால் பிளாஸ்டிக் கலத்திலேயே கையாள வேண்டும். பின்னர் எர்ட்மன் வகுத்தபடி, அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கும் கந்தக அமிலம் ஒரு பங்கும் கலந்து சூடாக்க, துகளின் உள்ளடக்கம் நீங்கி உறை மட்டும் தெளிவாக நிற்கும். எஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்து நூற்றுக்கணக்கில் எண்ணுவர். அடுக்கின் வயதைக் கதிரியக்கக் கரிம முறை தரும்.

பிச்சாவரம் கற்பித்த பாடம்

எண்ணிக்கையை அப்படியே காடாகக் கொள்ளலாமா? கூடாது. காற்றில் தூவும் செடி மிகுதியாக மகரந்தம் சொரியும்; பூச்சியை நம்பும் செடி சிக்கனமாகவே சொரியும். சுரபுன்னை முதல் வகையைச் சார்ந்தது. வெண்கண்டலும் தில்லையும் பூச்சிகளை நாடுவன. ஆகவே வெண்கண்டல் நிறைந்த காட்டின் சேற்றிலும் சுரபுன்னைத் துகள்களே மிகுந்து தோன்றக்கூடும். இதனால்தான் இன்றைய காட்டையும், அதன் மேற்பரப்புச் சேற்றிலுள்ள மகரந்தத்தையும் முதலில் ஒப்பிட வேண்டும். தமிழகத்துக் கண்டற்காட்டில் இவ்வொப்பீட்டைச் செய்து, காரத்தினி, பிளாஸ்கோ, தணிகைமணி ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்டனர். காவிரிக் கழிமுகத்தின் அண்மைக்காலத் தாவர மாற்றங்களை மகரந்தம் கொண்டு ஆராய்ந்த திஸ்ஸோவின் கட்டுரை 1987இல் வந்தது.

ஆற்றுச் சமவெளியில் மற்றோர் இடரும் உண்டு. வெள்ளம் மலைக்காட்டுத் துகளையும் அடித்து வந்து வயற்சேற்றில் படியச் செய்யும். புல்லின் துகள்களோ ஒற்றைத் துளையுடன் ஒன்றுபோலவே இருக்கும். நெல்லா நாணலா எனப் பிரிப்பது கடினம். ஆகையால் ஒரு துகளை வைத்து ஒரு காட்டை நாட்டிவிடலாகாது.

நம் மண்ணில் எங்கே தேடுவது?

கரிசல் கோடையில் ஆழமாக வெடிக்கிறது. மேல்மண் வெடிப்பில் விழுந்து அடுக்குகள் கலந்துவிடுகின்றன. காற்றும் புகுந்து மகரந்தத்தை அழிக்கிறது. கண்மாய்களும் கோடையில் வற்றுகின்றன. வண்டலையும் அள்ளி வயலிலிடுகிறோம். எனவே என்றும் ஈரம் காயாத கழிமுகச் சேறே நமக்குப் பொருத்தமான ஏடு. அதை வெட்டி உப்பளமோ இறால் பண்ணையோ அமைத்தால், படிக்கும் முன்னரே ஏடு கிழிந்ததாகும்.

அவ்வேட்டில் ஓர் எளிய அடையாளமும் கிடைக்கும். நாட்டுக் கருவேலின் மகரந்தம் பல துகள்கள் ஒட்டிய கொத்தாக இருக்கும்; சீமைக்கருவேலினது தனித்தனித் துகளாக இருக்கும். சீமைக்கருவேல் இந்தியாவிற்கு வந்தது 1877இல் என்பர். ஆகவே குலையாத அடுக்கொன்றில் அத்துகள் காணப்பட்டால் அவ்வடுக்கு அதற்குப் பிற்பட்டதே. காணப்படாவிடில் முற்பட்டது என்று துணிந்துவிடலாகாது. பூச்சியை நம்பும் மரம் அன்றோ அது!

சென்னையில் 1938இல் பிறந்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிந்த தணிகைமணி, 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் கொல்லப்பட்டார். கண்டற்காட்டு மகரந்தம் பற்றிய அவரது நூல் மறுஆண்டு வெளிவந்தது. கரிசற் கழிமுகங்களின் ஏட்டைப் படிக்கும் பணி நம் மாணவர்க்கு உரியது. ஒரு பூவின் மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டிலிட்டு, நுண்ணோக்கியில் கண்டு வரைந்து வைப்பதே அதன் முதற்படி. இன்றைய பூவை அறியாதவர் நேற்றைய காட்டை அறிய இயலாது.