தொழிற்களமும் விழாக்களமும்

ஓரிடத்தில் நாள்தோறும் கூடியிருந்து தொழில் செய்வோர் பலர். அவருள் ஒருவரையொருவர் உண்மையாக அறிந்தோர் சிலரே. பெயர் அறிவர்; பதவி அறிவர்; சம்பளமும் ஒருவாறு அறிவர். பக்கத்து மேசையில் இருப்பவரின் தாயார் நோயுற்றிருப்பதையோ, வாயிலிற் காவல் நிற்பவர் வடமோடிக் கூத்தில் வல்லவர் என்பதையோ அறியார். ஒரு கந்தோரில் அல்லது தொழிற்சாலையில் வேலை செய்யும் மக்கள் வெறுங் கூட்டமாக அன்றி ஒரு சமூகமாக வாழ்தல் கூடுமா? அதற்கு அத்தாபனத்துள் நடைபெறும் விழாக்களும் விளையாட்டுக்களும் சுற்றுலாக்களும் எவ்வளவு துணைசெய்யும்? இவற்றையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் தொழில் புரிவோராதலின், இப்பொருள் இம்மலருக்குப் புறம்பானதன்று.

முற்காலத்தில் எமது பகுதி மக்களுக்கு இத்தகைய ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. தொழிலே விழாவாகவும் இருந்தது. திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று வயல்வெளிகளிற் சூடு மிதித்த காலத்தை முதியோர் நன்கறிவர். போடியாரின் வயலில், முல்லைக்காரன் முன்னிற்க, வயற்காரர் இரவிரவாக மாடுகளை வளைத்துச் சூடு மிதிப்பர். பொலிப்பாட்டு ஒரு களத்தில் எழ, மறுகளத்தில் அதற்கு விடை எழும். களத்தில் நிற்கும்போது வழக்கமான சொற்கள் சிலவற்றை விடுத்து, களத்திற்கே உரிய தனிச்சொற்களாற் பேசுதல் மரபு. தனக்கென ஒரு மொழியையே வைத்திருந்த தொழிற்கூட்டம் எத்துணை நெருக்கமுடையதாய் இருந்திருக்கும்! கடற்கரையிற் கரைவலை இழுத்தோரும் அவ்வாறே. அம்பாப் பாடலின் அடிக்கு அடி வலை கரையேறும். பாட்டுத் தளர்ந்தால் கையும் தளரும்.

இதனைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலம் என்று பாராட்ட நாம் வரவில்லை. பாட்டும் இருந்தது; கடனும் இருந்தது. போடியாரின் பட்டறையில் நெல் நிறைந்த ஆண்டிலும் வயற்காரரின் வீட்டில் ஆவணி, புரட்டாதி மாதங்கள் பசிமாதங்களாகவே கழிந்ததுண்டு. உழவு இயந்திரமும், பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தபின் உடல் வருத்தம் குறைந்தது, அது நன்றே. ஆயினும் பலர் கூடிப் பல நாட் செய்த வேலையை ஓர் இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துச் செல்லும்போது, அவ்வேலையோடு ஒட்டியிருந்த பாட்டும் பகிடியும் சேர்ந்தே சென்றன. கந்தோரிலோ அவை தொடக்கத்திலிருந்தே இல்லை. கோப்புகளை வைத்துக்கொண்டு யாரும் அம்பாப் பாடுவதில்லை. தொழில் தானாகத் தராததை விழாவாலே தேடிக்கொள்ள வேண்டிய நிலை இவ்வாறுதான் உண்டாயிற்று.

இதனை முன்னறிந்து செய்தவருள் ஒருவர் ஜம்ஷெட்ஜி தாதா. அவர் நாகபுரியில் அமைத்த எம்பிரஸ் நெசவாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆலைக்கு ஆள் வந்தது. ஆனால் ஒழுங்காக வரவில்லை. ஐவரில் ஒருவர் வேலைக்கு வாராதிருந்த நாட்களும் உண்டென்பர். அக்காலத்து முதலாளிமார் கண்ட மருந்து தண்டப்பணம். தாதா வேறு வழியை எடுத்தார். விளையாட்டு விழாவும், தொழிலாளர் தம் மனைவி மக்களோடு வந்து கூடும் குடும்ப விழாவும் நடத்தினார். ஒழுங்காக வேலைக்கு வந்தோர்க்கும் திறமை காட்டினோர்க்கும் கடிகாரம், சங்கிலி, காப்பு, துணி, பணம் என்பன அவ்விழாவிற் பரிசாக வழங்கப்பட்டன. ஈண்டு ஒன்றை உற்றுநோக்குதல் வேண்டும். பரிசு பெறும்போது தொழிலாளியின் மனைவியும் பிள்ளைகளும் பார்த்திருந்தனர். ஆலை என்பது தகப்பனை விடியலில் விழுங்கி மாலையில் உமிழும் ஒரு கட்டிடமாக இருந்த நிலை மாறி, அவருக்கு மதிப்பளிக்கும் இடம் என்று குடும்பத்தார் அன்று கண்டனர்.

மற்று, அவர் விழாவோடு நின்றவரல்லர். 1886இல் ஓய்வூதிய நிதியும், 1895இல் வேலையில் விபத்துற்றோர்க்கு நட்டஈடும் அவ்வாலையில் ஏற்பட்டன. இவை இல்லாமல் விழா மட்டும் நடந்திருப்பின் அது வேறு கதையாய் முடிந்திருக்கும். ஜம்ஷெட்பூரில் இன்றும் மார்ச் 3ஆம் நாள், அவர் பிறந்த நாள், பெருவிழாவாகக் கொண்டாடப்படுகின்றது.

இனி அமெரிக்க நாட்டிற்குச் செல்வோம். சிக்காகோ நகருக்கு அண்மையில் ஹோதோர்ண் என்னுமிடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனியின் பெருந் தொழிற்சாலை இருந்தது. அங்குத் தொலைபேசிக் கருவிகள் செய்யப்பட்டன. அத்தொழிலாளர் ஆண்டுதோறும் குடும்பத்தோடு ஏரிவழியே கப்பலிற் சுற்றுலாச் செல்வது வழக்கம். 1915ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாட் காலை, அதற்கென அமர்த்திய கப்பல்களுள் ஒன்றாகிய ஈஸ்ட்லண்டில் ஏறத்தாழ 2,500 பேர் ஏறினர். கப்பல் சிக்காகோ ஆற்றின் துறையிற் கட்டப்பட்டிருந்தபடியே ஒருபுறமாகச் சரிந்து வீழ்ந்தது. கரை சில அடி தூரத்தில். நீரின் ஆழமோ ஏறத்தாழ 20 அடி. 844 பேர் மாண்டனர். தாய், தந்தை, பிள்ளைகள் என ஒருவரும் எஞ்சாது அழிந்த குடும்பங்கள் இருபதுக்கு மேல். அக்கப்பல் மேற்பாரம் மிகுந்ததென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் பின் எழுந்த விதிகளின்படி உயிர்காப்புப் படகுகளும் மேலதிகமாக ஏற்றப்பட, பாரம் இன்னும் கூடியது. உயிர் காக்க வைத்த படகே உயிர் கொள்ளத் துணையாயிற்று.

சுற்றுலா ஒழுங்கு செய்வோர் இச்செய்தியை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் தகும். ஐம்பது பேருக்குரிய பஸ்ஸில் எண்பது பேரை ஏற்றி, இரவு முழுவதும் கண்விழித்த சாரதியிடம் நுவரெலியா மலைப்பாதையை ஒப்படைப்பது எம்மவரிடையிலும் இல்லாத வழக்கமன்று.

அதே தொழிற்சாலையிலேதான் 1924 முதல் 1932 வரை புகழ்பெற்ற ஆராய்ச்சிகள் நடந்தன. முதலில் விளக்கொளியைக் கூட்டியுங் குறைத்தும் பார்த்தனர். பின்னர் 1927இல் ஒரு தனியறையிற் சில பெண்களை இருத்தி, இடையில் ஓய்வு, சிற்றுண்டி, குறைந்த வேலைநேரம் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தனர். வேலை கூடியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து எல்டன் மேயோவும் அவருடன் சார்ந்தோரும் இதற்குக் கண்ட காரணம், அப்பெண்கள் ஒரு சிறு குழுவாக இணைந்ததும், தம்மை ஒருவர் பொருட்படுத்துகின்றார் என்று உணர்ந்ததுமே. பின்வந்தோர் இம்முடிபைக் கடுமையாக மறுத்தனர். கூலி கணக்கிடும் முறையும் இடையில் மாற்றப்பட்டது. உடன்படாத இருவர் நீக்கப்பட்டு வேறிருவர் சேர்க்கப்பட்டனர். ஆதலின் அன்பினால் மட்டும் வேலை கூடியது என்று கூறிவிடல் இயலாது. எமக்கு அவ்வாராய்ச்சியின் வேறொரு பகுதியே பெரிதாகப் படுகின்றது. 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 தொழிலாளரை ஒவ்வொருவராக இருத்தி, அவர் மனக்குறையைக் கேட்டு எழுதினர். இருந்து கேட்பதற்கு இத்துணைக் காலம் செலவிட்ட தாபனங்கள் மிகச் சிலவே.

எமது கோவில்களை எடுத்துக்கொள்வோம். இக்கரையோரத்துக் கோவில்களில் ஒவ்வொரு நாட் திருவிழாவும் இன்ன குடியார்க்கு, இன்ன ஊரார்க்கு உரியதென வகுக்கப்பட்டுள்ளது. செலவும் அவருடையது, பெருமையும் அவருடையது. ஆடி அமாவாசையன்று ஸ்ரீ சித்திர வேலாயுத சுவாமி கடலிற் தீர்த்தமாடும்போது கூடுகின்ற பெருந்திரளிற் பலர் வெறும் பார்வையாளராய் வந்தோரல்லர். ஒரு நாளையேனும் தமதாக்கி உழைத்தவர். இதற்கு மாறாக, மேலதிகாரி நாள் குறித்து, அவரே பேச்சாளரை அழைத்து, அவரே தலைமை தாங்கி, ஏனையோர் நாற்காலி அடுக்கிக் கைதட்டிப் போகும் கந்தோர் விழாவில் யாருக்கு என்ன உரிமை உண்டு?

கண்ணகி அம்மன் கோவில்களில் முன்னர் நிகழ்ந்த கொம்பு விளையாட்டும் எண்ணத்தக்கது. ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகும். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, ஒன்று முறியும்வரை இரு பக்கத்தாரும் கயிறு பற்றி இழுப்பர். கட்சி பிறப்பால் வருவது, பணத்தாலன்று. ஆகவே போடியாரும் வயற்காரரும் ஒரே கயிற்றிற் கைவைத்து நிற்கவும் கூடும். கந்தோர் விளையாட்டுப் போட்டிகளில் உத்தியோகத்தர் ஓர் அணி, லிகிதர் ஓர் அணி, சிற்றூழியர் ஓர் அணி எனப் பிரிப்போர் இதனைக் கவனித்தல் நன்று. மேசையில் உள்ள பிரிவினையை மைதானத்திற்கும் கொண்டுபோவதாற் பயனில்லை. பாடசாலையில் இல்லங்கள் பிரிக்கப்படுவது போலச் சீட்டெடுத்துப் பிரிப்பின், பணிப்பாளரும் தோட்டக்காரரும் ஒரு பக்கத்திற் கயிறிழுக்க நேரும். அன்று தோற்றாலும் ஒன்றாகவே தோற்பர்.

ஆயினும் விழாவுக்கு ஓர் எல்லையுண்டு. எமது மாவட்டத்தின் வரலாறே அதற்குச் சான்று. 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ்ச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே திட்டத்தில் உழைத்தனர். 1956 ஜூன் மாதத்தில், மொழிச் சட்டத்தை ஒட்டி எழுந்த கலவரம் அப்பள்ளத்தாக்கிற் பரவியபோது தமிழர் பலர் உயிரிழந்தனர். சேர்ந்து வேலை செய்த பழக்கம் அவரைக் காக்கவில்லை. நாட்டில் நீதி குலைந்தவிடத்து ஒரு தாபனத்தின் தேநீர் விருந்து அணைபோட்டுத் தடுத்துவிடும் என்று நம்புவது பேதைமை. 1985இலும் 1990இலும் தமிழரும் முஸ்லிம்களும் இக்கரையிற் பட்டதை ஈண்டு விரித்தல் வேண்டா, படித்தோர் அறிவர். அக்காலங்களிலும் ஒருவரையொருவர் ஒளித்து வைத்துக் காத்தோர் உண்டு. முன்னரே முகமறிந்து, வீட்டு வாசலறிந்து பழகியிருந்தாலன்றி அத்தகைய உதவிக்குத் துணிவு வருதல் அரிது. கந்தோர் விழாவின் பயனும் ஏறத்தாழ இவ்வளவே: வாசலறியச் செய்தல்.

திருக்கோவிலிலிருந்து கல்முனை வரையுள்ள கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும் இரு சமூகத்தாரும் ஒருங்கே பணிபுரிகின்றனர். புரட்டாதியில் வாணி விழாவும், நோன்பு மாதத்தில் இப்தாரும் நடைபெறும் இடங்கள் உண்டு. இவற்றை நடத்துவதிற் சில நுட்பங்கள் உள. வாணி விழாவிற் கலைமகளுக்குப் பூசை செய்வது இந்துக்களின் கடன். முஸ்லிம் நண்பரைப் பூசையில் நிற்குமாறு வற்புறுத்தாது, பின்னர் நிகழும் கலைநிகழ்ச்சிக்கும் உணவுக்கும் அன்போடு அழைத்தலே பண்பு. அவ்வாறே நோன்பு திறக்கும் வேளையில் இந்து நண்பர் கஞ்சிக் கோப்பைகளை நிரப்பி உதவலாம். தொழுகை நேரத்தில் ஒதுங்கியிருக்கலாம். விளையாட்டுப் போட்டியை வெள்ளி நண்பகலில் வைத்தல் கூடாது. ஜும்ஆவும் கெடும், விரதம் இருப்போரும் வாடுவர். கூட்டு விருந்தெனின் மரக்கறிச் சமையல் பெரும்பாலும் சிக்கலைத் தீர்க்கும். இறைச்சி வேண்டுமெனின் ஹலால் முறையில் அறுத்ததாதல் வேண்டும், மாட்டிறைச்சி ஆகாது. பெண் உத்தியோகத்தர் பலர் மாலை ஆறு மணிக்குப் பின் நிற்க இயலாதவர். இராவிருந்து வைத்துவிட்டு அவர் வரவில்லை என்று குறைகூறுவது முறையன்று.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நலன்புரிச் சங்கங்கள் பல, சுற்றுலாவுக்கெனத் தலைக்கு இவ்வளவு என ஒரே தொகையை அறவிடுகின்றன. பணிப்பாளருக்கு அது ஒரு நாட் செலவு; சிற்றூழியருக்கோ ஒரு வாரத்து அரிசி. சம்பளத்திற்கேற்ப அறவிட்டால் அவர் வெட்கமின்றி வருவர். மகளின் காய்ச்சலைச் சாட்டாகக் கூறி வராது நின்றவர் உண்மையில் எதற்காக நின்றார் என்பதைச் செயலாளர் மெல்ல விசாரித்தறிதல் வேண்டும். ஒப்பந்த முறையில் வந்துள்ள துப்புரவாளரும் காவலாளரும் வேறு கம்பனியாரின் ஆட்கள் என்று விடப்படுவதும் இக்காலத்தில் மலிந்துவிட்டது. நாள்தோறும் கந்தோரைத் திறப்பவரும் அவர்; பூட்டுபவரும் அவர்.

எல்லாருஞ் சுற்றுலா சென்ற நாளிலும் கந்தோருக்கு ஒரு காவல் வேண்டும். சென்ற முறை காவலிருந்தவர் இம்முறை பஸ்ஸில் முதலில் ஏறவேண்டியவர். அவர் பெயரைச் சங்கத்தின் குறிப்பேட்டில் இப்பொழுதே எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு செயலாளர் மாறினும் அது மறக்கப்படாது.