வரைபடம் கைமாறும் முன்: ஓர் உடன்படிக்கைப் பாடம்

ஆகாய விமானம் செய்யும் பெரிய நிறுவனங்கள் எல்லா உறுப்புகளையும் தாமே செய்வதில்லை. பலவற்றை வெளியார் செய்து கொடுக்கின்றனர். அதன்பொருட்டு வரைபடமும் அளவும் செய்முறையும் கைமாறுகின்றன. பின்னர், "எம் இரகசியத்தைத் தமதாக்கிக் கொண்டனர்" என்று வழக்கு எழுகிறது. இத்தகைய வழக்கு விமானத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. சக்கம்பட்டியில் புதிய சாய முறையைப் பட்டறைக்குச் சொல்லிக்கொடுக்கும் நெசவாளர் சங்கத்துக்கும், கம்பத்தில் திராட்சைச் சாறு பதப்படுத்தும் முறையை இயந்திரம் செய்பவரிடம் விளக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் இதே இடர் நேரலாம்.

தொழில் இரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்று 2024இல் சட்டக் கமிஷன் பரிந்துரைத்தது. அத்தகைய சட்டம் இல்லாத நிலையில், நம் நீதிமன்றங்கள் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் நியாய நெறியையும் கொண்டே இவ்வழக்குகளைத் தீர்த்து வந்துள்ளன.

விவசாயிகள் அறியவேண்டிய வழக்கு ஒன்று 1987இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ஜான் ரிச்சர்ட் பிராடி என்பவர் பசுந்தீவனம் வளர்க்கும் இயந்திர அமைப்பொன்றை வகுத்திருந்தார். அதற்கு வேண்டிய வெப்பத் தடுப்புப் பலகைகளைப் பெறும் பொருட்டு, கெமிக்கல் புராசஸ் எக்விப்மெண்ட்ஸ் என்னும் கம்பெனிக்கு வரைபடங்களைக் கொடுத்தார். விவரங்களை வெளியிடுவதில்லை என்று எழுத்து மூலம் உறுதியும் பெற்றார். ஆர்டர் நிறைவேறவில்லை. ஆனால் அக்கம்பெனி தீவன அமைப்பையே செய்து விற்க முற்பட்டது. நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆர்டர் கிடைக்காமற் போனாலும், நம்பிக்கையின்பேரில் பெற்ற விவரத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பதே இதன் சாரம்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாவிடில் வழியில்லையோ என்று அங்கத்தினர் கேட்கலாம். இங்கிலாந்தில் 1948இல் சால்ட்மன் கம்பெனியின் வழக்கில், தோல் துளையிடும் கருவிக்கான வரைபடங்களை உப ஒப்பந்தக்காரர் தமக்கே பயன்படுத்திக்கொண்டார். ஒப்பந்தம் இல்லாதபோதும் இரகசியம் காக்கும் கடமை உண்டென அப்பீல் நீதிமன்றம் கூறியது. எனினும், எழுத்து இல்லாத இடத்தில் மெய்ப்பிப்பது கடினம்.

இதற்கு எல்லையும் உண்டு. ஊரறிந்த செய்தி இரகசியமாகாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயருக்குரிய பாதுகாப்பு. பள்ளத்தாக்கு முழுதும் அறிந்த பந்தல் முறையை எவரும் இரகசியமெனப் பூட்டிவைக்க இயலாது. அவ்வாறே, "இனி எக்காலத்தும் வேறெவருக்கும் தொழில் செய்யலாகாது" என்று பட்டறைக்காரரைக் கட்டிப்போடும் நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாததாகும். ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடை வேறு. டயர் நூல் செய்த செஞ்சுரி ஸ்பின்னிங் ஆலைக்கும் அதன் ஊழியர் ஒருவருக்கும் எழுந்த வழக்கில், 1967இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய தடையை ஏற்றது.

நாம் பார்வையிடும் சங்கங்கள் பலவற்றின் ஆர்டர் கடிதங்களில் விலையும் தவணைத் தேதியும் உண்டு. இரகசியத்தைப் பற்றி ஒரு வரியும் இராது. ஆகையால், நிர்வாகக் குழுவினர் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது, எது இரகசியம் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் குறித்தல். இரண்டாவது, விவரத்தைக் கொடுக்கும் முன்பே கையொப்பம் பெறுதல். மூன்றாவது, ஒவ்வொரு தாளிலும் "இரகசியம்" என எழுதித் தேதியிட்டு, பெற்றவரின் ரசீதைக் கோப்பில் வைத்தல். நான்காவது, வேலை முடிந்ததும் தாள்களைத் திரும்பப் பெறுதல். ஐந்தாவது, புதிய கரை வடிவமாயின், சந்தைக்கு வருமுன் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்தல். சேலை கடையில் தொங்கிய பின் வடிவம் இரகசியமன்று. பதிவுக்கும் அப்போது காலம் கடந்துவிடும். பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டிப்பில் மேலும் 5 ஆண்டும் உரிமை நிலைக்கும்.

சங்கத்தின் செய்முறை தனியொருவர் சொத்தன்று. அங்கத்தினர் அனைவரின் கூலியும் லாபப் பங்கும் அதில் அடங்கியுள்ளன. பணப்பெட்டிக்குப் பூட்டிடும் நாம், வரைபடத்துக்கும் ஒரு பூட்டு இடுவோமாக.