ஊர்ச் சரித்திரம் எழுதுவோர்க்கு ஒரு பாடம்

பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வாழும் தமிழ்ப் பௌத்தர்களை நோக்கி, "நீங்கள் எப்போது பௌத்தரானீர்கள்?" என வினவுவோர் உளர். நம்மவருள் பலர், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் தம்மம் தழுவியதையே தொடக்கமாகக் கூறி அமைகின்றனர். அந்நாள் நமக்குப் பெருநாளே, ஐயமில்லை. ஆயினும் அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னரே, 1898இல், பண்டித அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்று வந்து, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பின்னர் அதன் கிளைகள் பெங்களூரிலும் தங்கவயலிலும் தோன்றின. இதனை அறியாதவன் தன் பாட்டன் பெயரை அறியாதவனுக்கு ஒப்பாவான்.

நிற்க. இச்செய்தி நமக்கு எவ்வழியே வந்து சேர்ந்தது? 1907ஆம் ஆண்டு ஜூன் 19இல் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. 1914இல் பண்டிதர் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து அவ்விதழை மீண்டும் நடத்தலானார். அதுவும் நின்றபின், பழைய பௌத்தக் குடும்பத்தார் சிலர் அவ்விதழ்களைத் தம் இல்லங்களில் பேணி வைத்தனர். அன்பு பொன்னோவியம் போன்றோர் அவற்றைத் தேடித் திரட்டினர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் இரு தொகுதிகளாகவும், 2003இல் மூன்றாம் தொகுதியாகவும் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. இன்று பல்கலைக்கழகங்களில் பண்டிதரைப் பற்றி ஆராய்வோர் யாவரும் அத்தொகுதிகளையே நாடுகின்றனர். தாளைக் காத்தவர்கள் பட்டம் பெற்ற சரித்திராசிரியர் அல்லர். ஆயினும் சரித்திரத்தைக் காத்தவர் அவரே.

ஆகவே, சிறிய சமூகம் ஒன்றில் ஊர்ச் சரித்திரம் எழுத முற்படுவோன் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது? இதனைப் பிறரிடம் கற்க வேண்டுவதில்லை. நம் தம்ம நூல்களே கற்பிக்கின்றன.

முதலாவது, கேட்டதைக் கேட்டவாறும், கேட்ட இடத்தோடும் குறித்தல். இராசகிருகத்து முதற் சங்கீதியில் ஆனந்த தேரர் சூத்திரங்களை ஓதியபோது, தாம் கேட்டதாகவே கூறித் தொடங்கினார்; பகவான் எவ்வூரில், எச்சோலையில், யாரிடம் அதனை அருளினார் என்பதையும் உடன் உரைத்தார். நாமும் முதியவர் ஒருவரிடம் செய்தி கேட்குங்கால், சொன்னவர் யார், தாம் கண்டதைச் சொன்னாரா, பிறர் சொல்லக் கேட்டதைச் சொன்னாரா, எந்நாளில் சொன்னார் என்பவற்றை எழுதுதல் வேண்டும். சான்றாக, தம் பாட்டனார் கந்தப்பனார் திருக்குறள் ஏட்டுச் சுவடியை ஆரிங்டன் துரை வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் எனப் பண்டிதர் எழுதியுள்ளார். இதனை எடுத்தாள்வோன், "பண்டிதர் இவ்வாறு கூறுகின்றார்" என்று சேர்த்தெழுதுதல் முறை. அதனால் பண்டிதரின் பெருமை குறையாது. எழுதுவோனின் நேர்மை விளங்கும்.

இரண்டாவது, சோதித்தல். வழிவழியாக வந்தது என்பதனாலோ, நூலில் உள்ளது என்பதனாலோ, சொல்பவர் நம் ஆசான் என்பதனாலோ ஒன்றை ஏற்றுவிடலாகாது எனப் பகவான் கேசபுத்த நகரத்துக் காலாமர்களுக்கு உரைத்தார். பெங்களூரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீரபல்லாளன் வழி தவறி வந்தபோது கிழவி ஒருத்தி வேகவைத்த அவரை கொடுத்தாள் என்றும், அதனால் 'பெந்தகாளூரு' என்னும் பெயர் தோன்றிப் பெங்களூர் ஆயிற்று என்றும் கதை வழங்குகின்றது. ஆனால் நகரின் தென்பகுதியாகிய பேகூரில் உள்ள ஒரு வீரக்கல், ஏறக்குறைய 890ஆம் ஆண்டினது, பெங்களூர்ப் போரைக் குறிக்கின்றது. மன்னன் பிறப்பதற்கு முன்னரே ஊர்ப்பெயர் வழங்கியிருக்கக் கதை எங்ஙனம் நிற்கும்? எல்லாரும் சொன்ன கதையை ஒரு கல் வீழ்த்தியது.

இவ்வுரைகல்லை நம் கதைகளின்மேலும் உரசிப் பார்த்தல் வேண்டும். "பிளேக் நோய் வந்ததற்கு முன்பே எங்கள் தெருவில் சங்கக் கிளை இருந்தது" என ஒரு முதியவர் சொல்வதாகக் கொள்வோம். பெங்களூரில் பிளேக் பரவியது 1898இல். சென்னையில் தலைமைச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. ஆதலின் அக்கூற்று அவ்வாறே நிற்பதரிது. எனினும் முதியவரைப் பொய்யர் என்னலாகாது. பின்வந்த வேறொரு நோய்க்காலத்தை அவர் குறித்திருக்கலாம். அதனை மெல்லக் கேட்டறிதல் நம் கடன். பெருமைக்காக ஓராண்டைக் கூட்டுவோமாயின், அப்பொய் வெளிப்படும் நாளில் நம் மெய்களும் ஐயுறப்படும். பொய் கூறாமை பஞ்சசீலத்துள் ஒன்றன்றோ? அது சரித்திரம் எழுதும் கைக்கும் உரியதே.

மூன்றாவது, பலரிடம் வைத்தல். தங்கவயற் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. பிழைப்பு நாடிப் பல குடும்பங்கள் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தன. இன்றும் அங்கிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து மீள்வோர் பலர். வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போவது பழைய தாளே. சங்கத்து வரவு செலவுக் கணக்கு, கூட்ட நடவடிக்கைப் புத்தகம், பௌத்த முறைத் திருமண அழைப்பு, வைசாகப் பூர்ணிமைத் துண்டறிக்கை, பின்புறத்தில் பெயர் எழுதிய புகைப்படம் ஆகிய இவை குப்பையல்ல. இவற்றுள் ஒன்று அழியின், ஒரு தெருவின் சாட்சி அழிந்ததாகும். ஆகவே மூலத்தை உரியவரிடமே விட்டு, படி எடுத்து, ஒன்றைச் சங்கத்திலும், ஒன்றை நூலகத்திலும், ஒன்றை வேற்றூர் அன்பரிடமும் வைத்தல் நலம்.

யாவும் அநித்தியம் எனக் கற்ற நாம் தாளைப் பேணுவது ஏன் எனச் சிலர் கேட்கக்கூடும். அநித்தியமாதலினாலேயே பேணுகின்றோம் என்க. தேரர்கள் ஓதி ஓதிக் காத்திராவிடில் தம்மமே நமக்கு எட்டியிராது.

அன்பர்களே! வரும் பூர்ணிமைக்குள் ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பீர்களாக. முதியோர் ஒருவரிடமேனும் அமர்ந்து, கேட்டதை நாளும் பெயரும் இட்டு எழுதுவீர்களாக. முதியோர் காத்திருக்கலாம், காலம் காத்திராது.